‘நான் லிமிட்டாத்தான் மச்சான்!’ - அந்த லிமிட்டை அளக்கவும் ஒரு ஸ்கேல் இருக்கு... உங்க ஸ்கோர் எவ்வளவு?

பிளேஸ்மென்ட் கிடைச்சா ட்ரீட், அரியர் கிளியர் ஆனா ட்ரீட், பிரேக்அப் ஆனாலும் ட்ரீட். கல்லூரி வயதில் பாட்டிலைத் திறக்கக் காரணம் தேட வேண்டியதே இல்லை. அந்த ட்ரீட்டில் யாரைக் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: “நான் எப்பவும் லிமிட்டாத்தான் மச்சான்!”

சரி, அந்த லிமிட் எவ்வளவு? அதை எப்போது முடிவு செய்தீர்கள், கடைக்குப் போறதுக்கு முன்னாடியா, மூணாவது ரவுண்டுக்கு அப்புறமா? நீங்க தாண்டினா யார் சொல்லுவாங்க? யார் வண்டி ஓட்டுவாங்க?

இந்தக் கேள்விகளை உளவியல் ஆய்வாளர்கள் 20 வருடங்களுக்கும் மேலாகக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டு, மதிப்பெண் போட்டு வருகிறார்கள். குடியால் வரும் சேதத்தைக் குறைக்க ஒருவர் கையாளும் வழிகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், ‘பாதுகாப்பு நடத்தை உத்திகள்’. அதை அளக்கத் தனியாக ஸ்கேலே இருக்கிறது. அந்த ஸ்கேலைக் கொஞ்சம் திருச்சிப் பக்கம் கொண்டுவந்து பார்க்கலாமா?

அதற்கு முன் இரண்டு விஷயங்கள். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். இளங்கலை படிக்கும் பெரும்பாலானவர்கள் அந்த வயதைத் தொடாதவர்கள். இன்னொன்று, எந்த அளவும் உடலுக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. எனவே, இது ‘எப்படிக் குடிக்கலாம்’ என்று சொல்லித்தரும் கட்டுரை இல்லை. குடிப்பவர்கள் ஏற்கெனவே நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்கள் உயிரோடு வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் திருச்சி?

நாகப்பட்டினத்திலிருந்து 1883-ல் இங்கே இடம்பெயர்ந்த செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரி, 1964-ல் ஆர்.இ.சி-யாகத் தொடங்கிய துவாக்குடி என்.ஐ.டி, 1982-ல் வந்த பாரதிதாசன் பல்கலைக்கழகம், 2011-ல் வந்த ஐ.ஐ.எம் என்று திருச்சி ஒரு மாணவர் நகரம். பல மாவட்டங்களிலிருந்து வந்து ஹாஸ்டலிலும், நான்கைந்து பேராக வாடகை ரூமிலும் தங்கிப் படிப்பவர்கள் இங்கே ஏராளம். வீட்டில் ராத்திரி அம்மா கதவைத் திறக்கும்போது இருக்கும் அந்தச் சின்ன பயம், ரூமில் கிடையாது.

கூடவே, இந்த ஊருக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம். ஊரைச் சுற்றி சென்னை, மதுரை, தஞ்சாவூர் நெடுஞ்சாலைகள். போதையில் எடுக்கும் ஒரு தப்பான முடிவு ஆற்றிலோ ரோட்டிலோ போய் முடிய இங்கே பத்து நிமிஷம் போதும்.

முதல்ல கணக்கு: ஒரு ‘டிரிங்க்’னா எவ்வளவு?

“ரெண்டே ரெண்டுதான் அடிச்சேன்” என்பதில் அந்த ‘ரெண்டு’ என்ன என்பதே பெரிய குழப்பம். உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாளில் 10 கிராம் தூய ஆல்கஹாலைத்தான் ஒரு ‘ஸ்டாண்டர்டு டிரிங்க்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் அதே ஒரு டிரிங்க் 14 கிராம். நம்ம ஊர் கணக்கு இது:

* 30 மில்லி ஸ்மால் (42.8 சதவிகித பிராந்தி, விஸ்கி, ரம்) - சுமார் 10 கிராம், அதாவது 1 டிரிங்க்.
* 90 மில்லி ‘கட்டிங்’ - சுமார் 30 கிராம், 3 டிரிங்க்.
* 180 மில்லி குவார்ட்டர் - சுமார் 60 கிராம், 6 டிரிங்க்.
* 650 மில்லி பீர் (5 சதவிகிதம்) - சுமார் 25 கிராம், இரண்டரை டிரிங்க்.
* 650 மில்லி ஸ்ட்ராங் பீர் (8 சதவிகிதம்) - சுமார் 41 கிராம், 4 டிரிங்க்.

இப்போ கவனிங்க. ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ போனால் அதை ‘அளவுக்கு மீறிய குடி’ என்று வகைப்படுத்துகிறது உலக சுகாதார நிறுவனம். ‘ஒரே ஒரு குவார்ட்டர்தானே’ என்று சாதாரணமாகச் சொல்கிறோமே... அந்த ஒரு பாட்டிலே நம்மைக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

அதேபோல, ஆல்கஹாலை வெளியேற்றக் கல்லீரலுக்கு அதற்கென்று ஒரு வேகம் உண்டு. மணிக்குச் சுமாராக 7 முதல் 10 கிராம். மோர், எலுமிச்சை, பிளாக் காபி, பச்சைத்தண்ணிக் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. 65 கிலோ எடையுள்ள ஒரு ஆண் வேகமாக ஒரு குவார்ட்டரை முடித்தால், ரத்தத்தில் ஆல்கஹால் 100 மில்லிக்கு 130 மில்லிகிராமைத் தாண்டலாம். வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம்தான். ராத்திரி 11 மணிக்கு முடித்தவர், காலை 6 மணிக்கு வண்டியை எடுத்தாலும் கோட்டுக்கு மேலேயே இருக்க வாய்ப்புண்டு. பெண்களுக்கு உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால், அதே அளவுக்கு இந்த எண் இன்னும் ஏறும்.

மூணு பெட்டி, 15 கேள்வி

2005-ல் அமெரிக்க உளவியலாளர் மேத்யூ மார்ட்டென்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் கல்லூரி மாணவர்களுக்காக 15 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். சுருக்கமாக, ‘பி.பி.எஸ்.எஸ்’. எவ்வளவு குடித்தாய் என்று அது கேட்பதில்லை. குடிக்கும்போது உன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்ன செய்தாய் என்றுதான் கேட்கிறது. அந்தக் கேள்விகளை மூன்று பெட்டிகளாகப் பிரிக்கலாம்.

நிறுத்துதல், குறைத்தல்: எத்தனை டிரிங்க் என்று முன்பே முடிவு செய்வது, நடுநடுவே தண்ணீர் குடிப்பது, குறித்த நேரத்தில் கிளம்பிவிடுவது, ‘போதும்டா’ என்று சொல்ல ஒரு நண்பரை வைத்துக்கொள்வது.

குடிக்கும் விதம்: மடக் மடக்கென்று குடிக்காமல் இருப்பது, பலவகை மதுவைக் கலக்காமல் இருப்பது, போட்டி போட்டுக் குடிக்காமல் இருப்பது.

பெரிய ஆபத்தைத் தவிர்த்தல்: குடிக்காத ஒருவரை வண்டி ஓட்ட வைப்பது, தெரிந்தவரோடு மட்டும் வீடு திரும்புவது, தன் டம்ளர் எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது என்று தெரிந்துவைத்திருப்பது.

மூன்றாவது பெட்டியில் முதலில் இருந்தவை வெறும் 3 கேள்விகள். உயிர் போகும் விஷயத்துக்கு 3 கேள்வி போதாது என்பதால், 2015-ல் வந்த திருத்தப் பதிப்பில் அது 8 ஆனது. மொத்தம் 20 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்கு 1, ‘எப்போதும்’ என்பதற்கு 6 என்று ஆறு படிகளில் மதிப்பெண்.

இதற்கிடையே 2007-ல் சுகர்மேன், கேரி என்ற இரு ஆய்வாளர்கள் வேறொரு கேள்வித்தாளைத் தயாரித்தார்கள். அதில் ஒரு நல்ல விஷயம், ‘குடிப்பதற்குப் பதிலாக வேறென்ன செய்தாய்’ என்பதும் உத்தியாகக் கணக்கில் வந்தது. மார்ட்டென்ஸின் ஸ்கேல், குடிக்கும்போது என்ன செய்கிறாய் என்று மட்டுமே பார்க்கிறது. ‘இன்னைக்கு வேணாம்டா’ என்று சொல்லிவிட்டு மெயின்கார்டு கேட் பக்கம் சாப்பிடப் போன பையனுக்கு அதில் மார்க்கே இல்லை!

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இந்த உத்திகளை அதிகம் கையாள்பவர்களுக்குக் குடியால் வரும் பிரச்னைகள் பொதுவாகக் குறைவாக இருக்கின்றன. குடிக்கும் அளவு குறைவதோடு நிலையாக ஒட்டிவருவது இரண்டாவது பெட்டியான ‘குடிக்கும் விதம்’. போட்டிக் குடியையும் வேகத்தையும் விட்டாலே அளவு தானாகக் குறைகிறது.

ஆனால் ஒரு சிக்கல். இந்த டிப்ஸை மட்டும் பட்டியலாகக் கையில் கொடுத்தால் பெரிய மாற்றம் வருவதில்லை. 2013-ல் மார்ட்டென்ஸ் குழுவே இதைச் சோதித்துப் பார்த்தது. ‘உன் வயதுப் பசங்க உண்மையில் எவ்வளவு குடிக்கிறாங்க தெரியுமா’ என்று காட்டியதுதான், உத்திகளை மட்டும் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாக வேலை செய்தது.

காரணம், ‘எல்லாரும் குடிக்கிறாங்க’ என்ற நம்பிக்கை. அமெரிக்க மாணவர்கள் தங்கள் சக மாணவர்களின் குடியை மிகைப்படுத்தி நினைக்கிறார்கள் என்று 1986-லேயே பெர்கின்ஸும் பெர்கோவிட்ஸும் காட்டிவிட்டார்கள். நம்ம நிலவரம்? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் சுமார் 25 சதவிகிதம். நாலு பேரில் மூணு பேர் குடிப்பதில்லை. ட்ரீட்டுக்கு வராதவர்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

பெண்களிடம் இந்த எண் 1 சதவிகிதத்துக்கும் கீழே. இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. குடித்த பெண்ணுக்கு ஏதாவது ஆனால், ‘வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்’ என்ற பயத்தில் தோழிகள் உதவி கேட்பதைத் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு நிமிஷமும் உயிரோடு விளையாட்டு.

இதையே நம்ம ஊர்ல கேட்டா?

அமெரிக்க ஸ்கேலில், ‘டிரிங்க்கில் ஐஸ் கூடுதலாகப் போட்டுக்கொள்வாயா’ என்றுகூட ஒரு கேள்வி உண்டு. ஃப்ரிட்ஜே இல்லாத ரூமில் ஐஸுக்கு எங்கே போவது? பாருக்குப் போகும் பழக்கத்தை வைத்து எழுதிய கேள்விகளை, வாங்கிவந்து ரூமில் குடிக்கும் ஊரில் அப்படியே கேட்டால் பாதி பொருந்தாது. அதனால் திருச்சிக்கு ஏற்ற மாதிரி 10 கேள்விகள் இங்கே. அந்த ஸ்கேலின் மூன்று பெட்டிகளை வைத்து நாமே கேட்டுக்கொள்ளும் சுயபரிசோதனைதான் இது. மருத்துவப் பரிசோதனை இல்லை. கடைசியாகக் குடித்த மூன்று முறைகளை மனதில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை போடுங்க.

1. எவ்வளவு என்பதை, பணம் ஷேர் பண்ணுவதற்கு முன்பே முடிவு செய்தேன்.
2. ‘கடை பத்து மணிக்கு மூடிருவான்’, ‘நாளைக்குக் கடை லீவு’ என்று கூடுதலாக வாங்கி வைக்கவில்லை.
3. வெறும் சைட் டிஷ்ஷோடு நிறுத்தாமல், உட்காரும் முன்பே வயிறு நிறையச் சாப்பிட்டேன்.
4. ராவாக அடிக்கவில்லை. தண்ணீர் கலந்து, நேரம் எடுத்துக் குடித்தேன்.
5. பீரோடு ஹாட் கலக்கவில்லை. ‘யார் முதல்ல முடிக்கிறா’ போட்டியில் சேரவில்லை.
6. சீல் உடையாத பாட்டில் தவிர வேறெதையும் தொடவில்லை.
7. தூக்க மாத்திரை, வலி மாத்திரை எதையும் கூடச் சேர்க்கவில்லை.
8. பைக் சாவி, ஒரு சொட்டுகூடக் குடிக்காதவரிடம் இருந்தது.
9. குடித்த பிறகு ஆற்றில், வாய்க்காலில், கிணற்றில் இறங்கவில்லை.
10. யாரையும் தனியாக விட்டுவிட்டுக் கிளம்பவில்லை. என்னையும் விடவில்லை.

6-வது கேள்விக்குக் காரணம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனால் குடித்த உடனே காட்டிக்கொடுக்காது. பல மணி நேரம் கழித்து வயிற்றுவலி, வாந்தி, மங்கலான பார்வை என்று ஆரம்பிக்கும். ‘ஹேங்ஓவர்தான்’ என்று படுத்துவிட்டால் பார்வையோ உயிரோ போகலாம்.

9-வது கேள்வி காவிரிக்கரைக்காரர்களுக்கானது. முக்கொம்பிலும் கொள்ளிடத்திலும் மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் சுழலும் மணல் பள்ளமும் இருக்கும். மேட்டூரில் திறக்கும் தண்ணீரைப் பொறுத்து இழுப்பும் மாறும். போதையில் ஆழத்தைக் கணிக்கும் திறனும் கைகால் ஒத்துழைப்பும் போய்விடும். நீச்சல் தெரிந்தவர்தான் முதலில் குதிப்பார். அம்மா மண்டபம் படித்துறையில் சின்ன வயசிலிருந்து குளித்துப் பழகியவருக்கும் இதே விதிதான்.

ஸ்கோரை எப்படிப் படிப்பது?

கூட்டி 60-க்கு 50 வந்துவிட்டதா? உடனே ஸ்டேட்டஸ் போட வேண்டாம். இந்த மாதிரி ஸ்கேல்களில் ஆய்வாளர்களே எச்சரிக்கும் சில பொறிகள் உண்டு.

மொத்த மார்க் ஏமாற்றும். முதல் ஏழில் முழு மார்க் வாங்கிவிட்டு, 8-ல் 1 வாங்கியவர் பாதுகாப்பானவர் இல்லை. தேர்வு மாதிரி ‘ஓவர்ஆல் பாஸ்’ இங்கே கிடையாது. 6 முதல் 10 வரை எதிலாவது 6-க்குக் குறைந்தால், அன்றைய இரவு அதிர்ஷ்டத்தில் தப்பித்தது என்று அர்த்தம்.

ஞாபகம் பொய் சொல்லும். குடித்த இரவைப் பற்றிக் குடித்தவரே சொல்லும் தகவல் இது. உங்களுக்குப் போட்ட மார்க்கை, அன்றைக்குக் குடிக்காமல் கூட இருந்த நண்பரையும் போடச் சொல்லுங்க. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம்தான் உண்மையான ரிசல்ட்.

பாதுகாப்பே சாக்காகும். ‘வண்டி ஓட்டத்தான் மாப்ள இருக்கானே, இன்னொண்ணு ஊத்து’ என்று அளவு ஏறிவிடும். வண்டிக்கு ஆள் இருப்பது விபத்தைத் தடுக்கும், உங்கள் கல்லீரலைக் காப்பாற்றாது.

8-வது கேள்விக்கு ஒரு கணக்கு. ‘ஒரு லார்ஜ்தானே’ என்று 60 மில்லி வேகமாகக் குடித்தாலே, 65 கிலோ ஆணின் ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185-ன் கீழ், முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஒருத்தன் எழுந்திரிக்கலைன்னா...

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதென்றால் இதை எடுங்க.

‘தூங்கட்டும் விடு, காலைல சரியாயிடும்’ என்பது ரூம்களில் அடிக்கடி கேட்கும் வசனம். ஆனால் கடைசியாகக் குடித்தது ரத்தத்தில் ஏற நேரம் எடுக்கும். படுத்த பிறகும் போதை ஏறிக்கொண்டே இருக்கும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் 108-க்கு அழையுங்க:

* உலுக்கினாலும், கிள்ளினாலும் கண் திறக்கவில்லை.
* மூச்சு நிமிடத்துக்கு 8-க்கும் குறைவு, அல்லது இரண்டு மூச்சுக்கு நடுவே 10 விநாடிக்கு மேல் இடைவெளி.
* உடம்பு சில்லென்று, உதடும் நகமும் நீலம் பூத்திருக்கிறது.
* நினைவில்லாமலே வாந்தி, அல்லது வலிப்பு.

ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்க. மல்லாந்து படுத்தால் வாந்தி மூச்சுக்குழாயை அடைக்கும். வாயில் எதையும் ஊற்றாதீங்க, மோரும் சரி, எலுமிச்சைச் சாறும் சரி. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க. ஷவருக்குக் கீழே உட்கார வைக்காதீங்க. ஒருவராவது பக்கத்திலேயே இருங்க. எதை, எவ்வளவு, எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்க. முடிந்தால் பாட்டிலையும் எடுத்துப் போங்க. வார்டனுக்குத் தெரிஞ்சா சஸ்பெண்ட், வீட்டுக்குத் தெரிஞ்சா திட்டு... இதெல்லாம் அப்புறம் சரிசெய்துகொள்ளக்கூடியவை.

ஸ்கேல் போதாத இடம்

உத்திகள் எல்லாம், ‘நிறுத்தணும்னு நினைச்சா நிறுத்த முடியும்’ என்ற நிலையில் இருப்பவர்களுக்குத்தான். அது கைநழுவிவிட்டதா என்று பார்க்க வேறொரு கேள்வித்தாள் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’. 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். இங்கே மார்க் ஏற ஏறச் சிக்கல். 8 வந்தால் கவனம், 20-ஐத் தொட்டால் அடிமைத்தனமா என்று மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். நடுக்கம், காலையிலேயே தேவைப்படுவது, ‘நேத்து என்ன நடந்துச்சு’ என்றே தெரியாமல் போவது, இவை இருந்தால் மார்க் போடக் காத்திருக்க வேண்டாம். தினமும் அதிகமாகக் குடிப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. வலிப்புவரை போகலாம் என்பதால் மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும்.

பேசினால் மாறுமா? கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 377 ஆண்களிடம் நடந்த ஆய்வு ‘லான்செட்’ இதழில் 2017-ல் வந்தது. டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள்தான் ஆலோசனை கொடுத்தார்கள். 3 மாதத்தில், ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவிகிதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 26 சதவிகிதம். சரியாக உட்கார்ந்து பேசினால் பலன் உண்டு.

அந்தப் பேச்சைத் தொடங்க 14416 (டெலி மானஸ் மனநல உதவி எண்), 14446 (தேசிய போதை மீட்பு உதவி எண்) இரண்டும் இலவசம். திருச்சியில் இருப்பவர்கள் புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு நேரிலேயே போகலாம்.

அடுத்த ட்ரீட்டுக்கு வாட்ஸ்அப் குரூப்பில் இடமும் நேரமும் முடிவாகும்போது, கூடவே ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்க: “இன்னைக்குக் குடிக்காம இருக்கப் போறது யாரு?” அதற்கு ஒருத்தராவது கை தூக்கும்வரை ட்ரீட்டைத் தள்ளிவையுங்க.